துணிவு தொலைந்த வாசகம்

கொல்கத்தாவின் கல்லூரித் தெருவை அந்த ஊர்க்காரர்கள் ‘போய்பாரா’ என்பார்கள். புத்தகப் பேட்டை என்று பொருள். அங்கே நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய வரலாற்றுக் கையேட்டில், இளம் வங்காள இயக்கத்தின் கொள்கை வாசகம் என்று ஒரு கூற்று இருந்தது. பகுத்தறிவைக் கையாளாத மனிதர்களை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. மனமில்லாதவர் வெறியர், இயலாதவர் மூடர். மூன்றாமவர் வெறுமனே பகுத்தறியாதவர். அவருக்கு அடிமை என்று பெயர். சொன்னவர் ராம்கோபால் கோஷ் என்று போட்டிருந்தது.

மூன்றாவது வகைதான் என்னை நிறுத்தியது. முதல் இருவரும் பகுத்தறியாதவர்கள்தானே? பிறகு மூன்றாமவர் யார்? உளியால் செதுக்கிய வாசகத்தில் ஒரு மூலை மட்டும் மழுங்கியிருந்தது. ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த உறுத்தல் தெரியும். பொருள் தடுக்கினால் பாடத்தை ஐயப்பட வேண்டும். பிரதிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து நமக்குக் கற்றுத்தந்த முறை அது. அதையே இந்த வாசகத்துக்கும் செய்து பார்த்தேன்.

முதலில் போனது ராம்கோபாலின் ஆசானிடம். இளம் வங்காள இயக்கத்தார் என்றால் அவரைச் சூழ்ந்த மாணவர்கள்தான். ஹென்றி லூயி விவியன் டெரோசியோ 1809இல் கொல்கத்தாவில் பிறந்தவர். 1817இல் தொடங்கப்பட்ட இந்துக் கல்லூரியில் 1826இல் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மாணவர்களில் பலர் அவரைவிடச் சில வயதே இளையவர்கள். 1828இல் அவர் தொடங்கிய அகாடமிக் அசோசியேஷன் மாணிக்தலாவின் தோட்ட வீட்டில் கூடியது. விதி, கடவுள், உருவ வழிபாடு என எதைப் பற்றியும் இரு தரப்பும் பேசலாம்.

டெரோசியோவைப் படிக்க வைத்தவர் தர்மதலாவில் பள்ளி நடத்திய டேவிட் ட்ரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தத்துவ அறிஞர் ஹியூமின் சிந்தனை வழி வந்தவர். ஆசானுக்கே ஆசானான அவரைக் கண்டதும் தேடல் முடிந்துவிட்டதாகவே நினைத்தேன். வகுப்பறையில் அவர் சொன்னதை டெரோசியோ தம் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பார், அவர்களிடமிருந்து ஊருக்குப் பரவியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தவறு. பெயர் சரி, ஆள் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. ட்ரம்மண்ட் என்பது ஸ்காட்லாந்தில் பரவலாக வழங்கும் குடிப்பெயர்.

சரியான தடம் டெரோசியோவின் புத்தக அலமாரி வழியாகப் போனது. அவர் கவிஞர், பைரனில் ஊறியவர். 1828இல் அவர் வெளியிட்ட ‘ஜங்கீராவின் பக்கிரி’ என்ற நெடுங்கவிதையில் அந்தச் செல்வாக்கு வெளிப்படை. ஆகவே பைரனைத் திறந்தேன். ‘சைல்டு ஹாரல்டு’ நெடுங்கவிதையின் நான்காம் காண்டம் 1818இல் வந்தது. சிந்திக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது இழிவு என்று பைரன் பேசும் இடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்புக்குள் நம் வாசகம் முழுதாக இருந்தது! தன்னுடையது என்று பைரன் சொல்லவில்லை. எந்த நூலின் முன்னுரை, எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று ஒழுங்காகச் சுட்டியிருக்கிறார்.

அந்த நூல், 1805இல் வெளிவந்த ‘அகாடமிக்கல் குவெஸ்சன்ஸ்’. எழுதியவர் சர் வில்லியம் ட்ரம்மண்ட்: ஸ்காட்லாந்துக்காரர், தத்துவவாதி, நேப்பிள்ஸிலும் துருக்கியிலும் பிரிட்டனின் தூதராக இருந்தவர். முன்னுரையின் முடிவில் தத்துவமும் ஞானமும் சுதந்திரமும் ஒன்றையொன்று தாங்குபவை என்று சொல்லிவிட்டு, மூன்று மனிதர்களையும் அவர் வரிசைப்படுத்துகிறார். மூலத்தில் மூன்றாமவர் ‘பகுத்தறியாதவர்’ அல்லர். பகுத்தறியத் துணியாதவர். இந்தியப் பாடத்தில் காணாமல் போனது அந்தத் துணிவுதான்.

இன்னொரு பிரதியோடும் ஒப்பிட்டேன். அமெரிக்க இரும்புத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, இதே வாசகத்தை ஒரு நண்பரின் நூலகத்தில் கல்லில் பொறித்திருக்கக் கண்டதாகவும், பிறகு தம் வீட்டு நூலகங்களிலும் இடம்பெறச் செய்ததாகவும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கே அடிகளின் வரிசை மாறியிருக்கிறது. ஆனால் ‘துணியாதவர்’ இருக்கிறார்.

ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. வெறியர் என்றதும் நமக்கு எதிர்க்கட்சிக்காரர் நினைவுக்கு வருகிறார். மூடர் என்றதும் அண்டை வீட்டுக்காரர். இரண்டும் பிறரைச் சுட்டும் விரல்கள். துணியாதவர் என்ற சொல்தான் படிப்பவரை நோக்கித் திரும்புகிறது. அவருக்கு அறிவு உண்டு, மனமும் உண்டு. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. படித்தவர்கள் மிகுதியாக இருப்பது இந்த மூன்றாம் வரிசையில்தான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், யாரையும் உறுத்தாத பொன்மொழியாக அது சுவரில் தொங்கலாம்.

1831ஆம் ஆண்டின் கொல்கத்தாவில் அந்தச் சொல்லுக்கு விலை இருந்தது. டெரோசியோ இளைஞர்களைக் கெடுக்கிறார் என்ற புகாரின்மேல், அந்த ஏப்ரலில் கல்லூரி நிர்வாகிகள் அவரை வெளியேற்ற முடிவு செய்தார்கள். அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நிர்வாகிகளில் ஒருவரான எச்.எச். வில்சனுக்கு எழுதிய பதிலில், கடவுள் மறுப்பு வாதங்களை மாணவர்களுக்குச் சொன்னதை அவர் மறைக்கவில்லை. அந்த வாதங்களுக்குத் தத்துவவாதிகள் ரீடும் டூகல்ட் ஸ்டூவர்ட்டும் தந்த மறுப்புகளையும் சேர்த்தே கற்பித்ததாக விளக்கினார். அவர் மாணவர் ரசிக்கிருஷ்ண மல்லிக், நீதிமன்றத்தில் கங்கை நீரைத் தொட்டுச் சத்தியம் செய்ய மறுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், நண்பர்கள் மாட்டெலும்பை அண்டை வீட்டில் எறிந்த விவகாரத்தால் அதே இயக்கத்தவரான கிருஷ்ணமோகன் பானர்ஜி குடும்ப வீட்டை இழந்தார். பிறர் மனம் புண்பட எறிவது துணிவு அல்ல. அதைத் துணிவில் சேர்க்க எனக்கு மனமில்லை. ரசிக்கிருஷ்ணர் செய்ததுதான் துணிவு. தனக்குப் பொய்யென்று பட்டதைத் தன் வாயால் சொல்ல மறுத்தார், அவ்வளவே. டெரோசியோ அந்த டிசம்பர் 26 அன்று காலராவில் இறந்தார். வயது 22.

ராம்கோபால் கோஷ் பின்னாளில் பெரிய வணிகராகவும் பேச்சாளராகவும் உயர்ந்தார். ஐரோப்பியரையும் மாவட்ட நீதிமன்றங்களுக்கு உட்படுத்தும் சட்ட வரைவுகளை 1849இல் வெள்ளையர்கள் ‘கறுப்புச் சட்டங்கள்’ என்று தூற்றினார்கள். அவர் அவற்றை ஆதரித்து எழுதி, அவர்களுடைய பகையைச் சம்பாதித்தார். வாசகத்திலிருந்து துணிவு உதிர்ந்தது யார் கையிலானாலும், அவர் வாழ்க்கையிலிருந்து அது உதிரவில்லை.

யார் வாய்க் கேட்டாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். வாய் முக்கியமில்லை என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். இந்தத் தேடலில் வாயைத் தேடிப் போன பிறகுதான் மெய்ப்பொருள் கிடைத்தது. கையேட்டின் அந்தப் பக்கத்தில், ‘பகுத்தறியாதவர்’ என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து, ‘பகுத்தறியத் துணியாதவர்’ என்று மேலே எழுதினேன். ஓரத்தில் வில்லியம் ட்ரம்மண்ட், 1805 என்று குறித்தேன். ராம்கோபாலின் பெயரை அடிக்கவில்லை. எழுதியவர் ஒருவர், அதன்படி நின்றவர் இன்னொருவர். இரண்டு பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.