இரண்டு வரிப் படிவங்கள்

ஏப்ரல் வந்தால் எனக்கு இரண்டு வருமானவரிப் படிவங்கள்: ஒன்று ஒட்டாவாவுக்கு, மற்றது கியூபெக்குக்கு. ரொறன்ரோ மச்சானுக்கு ஒன்றே போதும். "பிரெஞ்சுக்காரன்ரை வீம்புக்கு நீ ஏன்ரா மாரடிக்கிறாய்?" என்று வருடாவருடம் சிரிப்பான். எனக்கோ அந்த இரண்டாவது படிவத்தில் ஒரு பொறாமை.

1867 அரசியலமைப்பை வாசித்தால் கியூபெக்கின் இன்றைய பலம் அதில் தெரியாது. 92ஆம் பிரிவு மருத்துவமனை, குடியியல் உரிமை, மாகாணத்தின் பொதுக்காணி என்று சிலவற்றைக் கொடுக்கிறது, மிச்சமெல்லாம் மத்திக்கு. மாகாணச் சட்டத்தை ஒட்டாவா ரத்துச் செய்யவும் முடியும். கடைசியாகச் செய்தது 1943இல். மாகாணங்களுக்குத் தெம்பு கொடுத்தவர்கள் இலண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகள். வாட்சன் பிரபுவும் பிறகு ஹால்டேன் பிரபுவும், மாகாணம் மத்தியின் கிளைக் கந்தோர் அல்ல என்று தீர்ப்புக்குத் தீர்ப்பு நிலைநாட்டினார்கள்.

எங்கள் 13ஆம் திருத்தமும் (1987) காணியை மாகாணப் பட்டியலில்தான் போட்டது. ஆனால் மத்தியின் பட்டியல் 'எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை' என்று தொடங்குகிறது. மென்பொருளில் ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அதற்கு மேலே எல்லாவற்றையும் மறிக்கும் விதியை எழுதிவைப்பது மாதிரி. 2013 செப்ரெம்பர் 21 வடக்கு தன் முதல் மாகாணசபைக்கு வாக்களித்தது. 26ஆம் திகதி, மலையகத் தோட்டக்காணி வழக்கொன்றில், அரச காணி மத்தியிடமே என்றது உயர் நீதிமன்றம்.

ஒரு காலம் எங்களுக்கும் அதே பிரிவி கவுன்சில் இருந்தது. சிங்களப் பரீட்சையால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட கோடீஸ்வரன் வழக்கை 1969இல் கேட்டு, அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்றது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கொழும்புக்கே திருப்பியனுப்பியது. அங்கே அது விசாரிக்கப்படவேயில்லை. 1971இல் இலண்டனுக்குப் போகும் வழியும் மூடப்பட்டது.