லாரி கிரேன் சாயாமல் காக்கும் கருவி: பொருத்தும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

லிட்டில் இந்தியாவில் கடை புதுப்பிப்பு நடக்கும்போது சாலையோரத்தில் லாரி கிரேன் நிற்பதைப் பார்த்திருப்போம். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் இரும்புக் கை விரிந்து, குளிரூட்டியையோ கண்ணாடிப் பலகையையோ தூக்கி இறக்கும். கட்டுமானத் தளங்களில் கம்பிக் கட்டு, சாரக் குழாய் எல்லாம் வந்து இறங்குவதும் பெரும்பாலும் இதே வண்டியில்தான். இதை இயக்குவோரிலும், சுமைக்குக் கயிறு கட்டுவோரிலும், கைகாட்டி நிற்போரிலும் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் பலர் உண்டு.

இந்த வண்டி சாய்ந்தால் முதலில் சிக்குபவர் அருகில் நிற்பவர். அதனால்தான் லாரி கிரேன்களில் ‘நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு முறை’ எனும் கருவியைப் பொருத்தும்படி மனிதவள அமைச்சு விதிகளை இறுக்கியது. செலவில் ஒரு பகுதியை ஏற்க மானியமும் அறிவித்தது.

ஏன் சாய்கிறது?

மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும். கிரேனிலும் அதே கணக்குதான். சுமையின் எடையை, அது கிரேனின் நடுத்தூணிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். 2 டன் சுமை 3 மீட்டர் தூரத்தில் இருந்தால் 6 டன்-மீட்டர். அதே சுமையை 9 மீட்டருக்கு நீட்டினால் 18 டன்-மீட்டர். எடை கூடவில்லை, ஆனால் வண்டியைக் கவிழ்க்கும் விசை மூன்று மடங்காகிவிட்டது. கிரேனின் கையின் எடை இதற்கு மேல்.

இந்த விசையைத் தாங்குவதற்குத்தான் இரு பக்கமும் நீளும் தாங்குகால்கள் உள்ளன. தளத்தில் இவற்றை ‘அவுட்ரிகர்’ என்பார்கள். முழுதாக நீட்டி, தரையில் அழுத்தி ஊன்றினால்தான் கிரேனின் சுமை அட்டவணையில் எழுதியுள்ள எடையைத் தூக்கலாம். அவசரத்தில் ஒரு பக்கக் காலைப் பாதி நீட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது விபத்துக்கு அழைப்பு.

கருவி என்ன செய்கிறது?

தாங்குகால் எவ்வளவு நீண்டிருக்கிறது, தரையில் ஊன்றியிருக்கிறதா, கிரேனின் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு விசை ஏறியிருக்கிறது ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டி அதை வைத்து, அந்த நிலையில் எவ்வளவு தூக்கலாம் என்று கணக்கிடும். எல்லையை நெருங்கினால் விளக்கும் ஒலியும் எச்சரிக்கும். எல்லையைத் தொட்டால் சுமையை மேலும் வெளியே கொண்டுபோகும் அசைவுகள் நின்றுவிடும். சுமையை உள்ளே இழுக்க மட்டும் வழி இருக்கும்.

டன்லப் ஸ்திரீட், கஃப் ரோடு போன்ற குறுகிய தெருக்களில் கடைவீட்டுப் பக்கம் காலை முழுதாக நீட்ட இடம் கிடைக்காது. அப்போது அந்தப் பக்கத்துக்கான அளவைக் கருவி தானாகவே குறைத்துவிடும். ஓட்டுநர் அறைக்கு மேலாக, முன்பக்கம் தூக்கும்போதும் பொதுவாக அளவு குறைவுதான். தாங்குகால்கள் அந்த அறைக்குப் பின்னால் இருப்பதே காரணம்.

பொருத்தும் வரிசை

முதலில் கிரேனின் மாதிரி, வயது, ஹைட்ராலிக் குழாய்கள், தாங்குகால்களின் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கசியும் ஜாக்கியில் உணரி பொருத்திப் பயனில்லை. பழுதைச் சரிசெய்த பிறகே உணரிகளையும் கம்பிகளையும் பொருத்துவார்கள். மழைநீரும் சேறும் படாதபடி கம்பிகளை மூடுவது முக்கியம்.

அடுத்து, அசைவை நிறுத்தும் வால்வும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இணைக்கப்படும். அந்தக் கிரேனுக்கென்று தயாரிப்பாளர் தந்த சுமை அட்டவணை பெட்டியில் ஏற்றப்படும். வேறு மாதிரியின் அட்டவணை ஏறிவிட்டால் கருவியே பொய் சொல்லும். கடைசியாக, எடை தெரிந்த சுமையைத் தூக்கி, கால்களைப் பல அளவில் நீட்டி, சரியான இடத்தில் நிற்கிறதா என்று சோதிப்பார்கள். இது கிரேன் தயாரிப்பாளரோ பயிற்சி பெற்ற நிறுவனமோ செய்ய வேண்டிய வேலை.

இதோடு, பாரந்தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் சோதிக்க வேண்டும்.

தரையைப் பார்ப்பது மனிதர் வேலை

கால் ஊன்றியதைக் கருவி அறியும். அந்தக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மூடிய வடிகால், இரும்பு மூடி, அண்மையில் தோண்டி மூடிய பள்ளம், மழையில் ஊறிய மண் எல்லாம் மேலே பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும்.

ஒரு காலில் 10 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலின் பாதம் 25 சென்டிமீட்டர் சதுரமானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 16 கிலோ அழுத்தம். அடியில் 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள கெட்டியான பலகையை வைத்தால் அது 3 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். உடைந்த பலகைத் துண்டுகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது.

சட்டம் சொல்வது

2011ஆம் ஆண்டின் பாரந்தூக்கி இயக்க விதிமுறைகளின்படி, தூக்கும் வேலைக்கு எழுத்தில் திட்டம் வேண்டும். மேற்பார்வையாளர், சுமை கட்டுபவர், சைகை காட்டுபவர் ஆகியோரும் நியமிக்கப்பட வேண்டும். பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது குற்றம். “சாவியைத் திருப்பிக் கருவியை நிறுத்து, ஒரு தூக்குதான்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பாதுகாப்புக் குறையை அதிகாரிகளிடம் தெரிவித்ததற்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது.

2022ல் சிங்கப்பூரில் 46 பேர் வேலையிடங்களில் உயிரிழந்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் 2023 மே வரை கூடுதல் பாதுகாப்புக் காலம் நடப்பில் இருந்தது. 2023ல் எண்ணிக்கை 36 ஆனது.

தூக்குமுன் பார்க்க வேண்டியவை

• நான்கு பக்கமும் நடந்து, தரையையும் வடிகாலையும் பாருங்கள்.
• கால்களை இயன்றவரை முழுதாக நீட்டி, அடியில் பலகை வையுங்கள்.
• சுமையின் எடையை ஊகிக்காமல் சீட்டில் பாருங்கள்.
• கருவியின் விளக்கும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள்.
• சிறிது தூக்கி நிறுத்தி, கால் புதைகிறதா என்று கவனியுங்கள்.
• தொங்கும் சுமைக்கு அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

ஐயம் இருந்தால் “நிறுத்து” என்று குரல் கொடுங்கள். புதிதாக வந்த தம்பி சொன்னாலும் மூத்த ஓட்டுநர் நிறுத்த வேண்டும். நின்றுபோன வேலையை நாளைக்கும் செய்துகொள்ளலாம்.