பனியில் கார் சிக்கினா ஹீட்டர் போட்டுட்டு தூங்கலாமா? மணாலிக்கு காரில் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

2022 ஜனவரி 7ஆம் தேதி இரவு. பாகிஸ்தானின் முர்ரீ மலைவாசஸ்தலத்துக்கு பனி பார்க்கப் போன ஆயிரக்கணக்கான வாகனங்கள், கடும் பனிப்பொழிவால் ரோட்டிலேயே சிக்கிக்கொண்டன. குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடுங்குளிரோடு, காருக்குள் புகுந்த கார்பன் மோனாக்சைடு வாயுவும் காரணம் என்று அந்நாட்டு அதிகாரிகள் தெரிவித்தனர்.

இது எங்கேயோ நடந்ததுன்னு விட்டுட முடியாது. 2024 டிசம்பர் கடைசியில் நம்ம இமாச்சலப் பிரதேசத்தின் சோலாங் பகுதியில் சுமார் ஆயிரம் வாகனங்கள் பனியில் சிக்கின. போலீசார்தான் சுற்றுலாப் பயணிகளை மீட்டனர். 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, குளிர்காலத்திலும் மணாலியைத் தாண்டி லாஹௌல் பக்கம் போக முடிகிறது. தமிழ்நாட்டில் இருந்தும் பலர் போறாங்க. ஆனா ஊட்டி, கொடைக்கானல்ல ஓட்டின அனுபவம் மட்டும் அங்கே போதாது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பனி ரோட்டில் பிரேக் ஏன் பிடிக்காது?

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான பிடிப்பு. ஐஸ் மேல் அந்தப் பிடிப்பு மிகவும் குறைந்துவிடும்.

40 கி.மீ. வேகத்தில் போகும் கார், காய்ந்த ரோட்டில் பிரேக் அழுத்தியதும் சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். அதே கார் ஐஸ் மேல் 60 மீட்டருக்கு மேலும் வழுக்கிக்கொண்டே போகலாம். 'என்னோடது ஃபோர் வீல் டிரைவ், கவலை இல்லை'ன்னு நினைக்காதீங்க. கிளம்பவும் மேடு ஏறவும்தான் அது உதவும். நிறுத்தும்போது எல்லா காரும் ஒண்ணுதான்.

இதில் மோசமானது 'பிளாக் ஐஸ்'. ரோட்டின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிசா உறைந்திருக்கும். பார்த்தா ஈர ரோடு மாதிரிதான் தெரியும். பாலங்கள், வெயில் படாத வளைவுகள், சுரங்கப்பாதையின் வாசல்கள் போன்ற இடங்களில், குறிப்பா அதிகாலையிலும் இரவிலும் இது அதிகம். சுரங்கத்துக்குள் காய்ந்த ரோட்டில் வந்த வேகத்தோடு வெளியே வராதீங்க.

கிளம்பும் முன் காரில் என்ன பார்க்கணும்?

* கூலன்ட்: நம்ம ஊர்ல ரேடியேட்டர்ல பலரும் வெறும் தண்ணீர்தான் ஊத்துவாங்க. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டர் மட்டுமல்ல, எஞ்சினே விரிசல் விடலாம். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரைக்கும் தாங்கும். மெக்கானிக்கிடம் சொல்லி மாத்திடுங்க.
* பேட்டரி: குளிரில் பேட்டரியின் சக்தி குறையும். மூணு, நாலு வருஷம் ஆன பேட்டரியா இருந்தா கட்டாயம் செக் பண்ணுங்க. ஜம்ப்பர் கேபிள் ஒண்ணு வண்டியில இருக்கட்டும்.
* டயர்: சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் போதும். பனிக்கு குறைந்தது 3 மி.மீ. வேணும். வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறையும். மேலே போனதும் மறுபடி செக் பண்ணி, கம்பெனி சொன்ன அளவுக்கு நிரப்புங்க.
* டயர் செயின்: எந்த சக்கரத்துக்கு எஞ்சின் சக்தி போகுதோ அதில் மாட்டணும். பெரும்பாலான சின்ன கார்களுக்கு அது முன்சக்கரம். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்க. கொட்டும் பனியில் விரல் மரத்துப்போன பிறகு கத்துக்க முடியாது.
* டீசல்: சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகு மாதிரி கெட்டியாகிடும். இதற்காகவே லடாக்கில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் அறிமுகம் செய்தது. அந்த மாதிரி பகுதிக்குப் போனா உள்ளூர் பங்கில் நிரப்புங்க.
* வைப்பர் தண்ணீர்: வெறும் தண்ணீர் உறைந்துவிடும். உறையாத வாஷர் திரவம் ஊத்துங்க. கண்ணாடியில் படிந்த ஐஸ் மேல் வெந்நீர் ஊத்தாதீங்க. கண்ணாடி விரிசல் விடும்.

கம்பளி, டார்ச், சின்ன மண்வெட்டி, பவர் பேங்க், குடிநீர், பிஸ்கட், கடலை மிட்டாய். இதெல்லாம் டிக்கியில் இல்லாம, கை எட்டும் இடத்தில் இருக்கணும்.

எப்படி ஓட்டணும்?

பிரேக், ஆக்ஸிலேட்டர், ஸ்டீயரிங் மூன்றையும் மெதுவா, பதற்றம் இல்லாம பயன்படுத்தணும். இரண்டாவது கியரில் கிளம்பினால் சக்கரம் சும்மா சுத்தாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாம, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைச்சுடுங்க. முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிட பல மடங்கு இடைவெளி விடுங்க.

வண்டி வழுக்கினால் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை மெதுவா திருப்புங்க. ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக்கை அழுத்தினபடியே இருங்க. பெடல் அதிரும், பயந்து காலை எடுத்துடாதீங்க. ஏபிஎஸ் இல்லைன்னா விட்டு விட்டு அழுத்தணும்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் உறைந்து பிடிச்சுக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு கல் வைங்க.

பனியில் சிக்கிட்டா?

இங்கேதான் முர்ரீ சொல்லும் பாடம் இருக்கு. பனி கொட்டிக்கொண்டே இருந்தால் சைலன்சர் குழாய் மூடிக்கொள்ளும். எஞ்சின் ஓடினால் வெளியேற வழியில்லாத புகை காருக்குள் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

* எஞ்சினைப் போடும் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்க.
* ஒரு மணி நேரத்துக்கு சுமார் 10 நிமிடம் மட்டும் ஹீட்டர் போட்டு நிறுத்துங்க. அந்த நேரத்தில், காற்று அடிக்காத பக்கத்து கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைங்க.
* எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்காதீங்க. ஒருத்தர் முழிச்சிருக்கணும்.
* தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தா உடனே எஞ்சினை நிறுத்தி கதவைத் திறங்க.
* காருக்குள் அடுப்போ கரியோ பற்ற வைக்கவே கூடாது.
* பனிப்புயலில் உதவி தேடி நடந்து போகாதீங்க. காரில்தான் உங்களைத் தேடி வருவாங்க. 112-க்கு அழைத்து, கடைசியா பார்த்த ஊர்ப் பலகையையும் கி.மீ. கல்லையும் சொல்லுங்க.

எப்போ திரும்பணும்?

பனி கொட்டினால் சோலாங்குக்கு மேலே செயின் மாட்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும் போலீசார் அனுமதிப்பது வழக்கம். தடுத்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிடுங்க. தடுக்காவிட்டாலும், வானிலை எச்சரிக்கை இருந்தால் போகாதீங்க. வண்டியை மணாலியில் நிறுத்திட்டு உள்ளூர் டிரைவரோட டாக்ஸியில் போறது கௌரவக் குறைச்சல் இல்லை.

முர்ரீக்கு அன்று போனவர்களும் குடும்பத்தோடு பனி பார்க்கப் போனவர்கள்தான். ஹீட்டர் ஓடுது, கண்ணாடி மூடியிருக்கு, பாதுகாப்பா இருக்கோம்னு தோணும் நேரம்தான் உண்மையில் ஆபத்தானது. மணாலி கிளம்பும் நண்பருக்கு இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்க.