சனிக்கிழமை சாயங்காலம் 5 மணி ஆட்டம்

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்துல மினர்வா பஞ்சாபை 3-1ன்னு சாய்ச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில முந்தி, ஐ-லீக் பட்டத்தை அடிச்சுது சென்னை சிட்டி. பேருதான் சென்னை; 2017-18லயே ஜாகை மாத்தி கோவைக்கு வந்தாச்சுங்க. திருப்பூர்ல இருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

ஆனா அன்னிக்கு சனிக்கிழமை, பனியன் கம்பெனியில சம்பள நாள்! சும்மா டிக்கெட் குடுத்தாலும் பவர் டேபிளை விட்டுட்டு எவன் போவான்? ஐ.எஸ்.எல்.காரங்க 2017-18ல ஆட்டத்தை ராத்திரி 8 மணிக்குத் தள்ளினப்பவும் இதே கதை. டிவி நேரம் பார்த்தாங்க, கடைசி பஸ்ஸைப் பார்க்கலை. கூட்டம் இறங்குச்சு. "ஜனங்க வர்றதில்லை"ன்னு புலம்பல் வேற :-)

சென்னை சிட்டியோட 2020-21 சீசன் கொரோனாவால முழுக்க மேற்கு வங்கத்துல, காலி கேலரி முன்னாடி முடிஞ்சுது. அடுத்த சீசன் பட்டியல்ல அணியே இல்லை.