மணல் முதல் கைப்பேசி வரை: பிள்ளைகள் தாமே கற்ற கதை



பரிசளிப்பு விழா என்றால் முதல் பரிசு வாங்கிய பிள்ளையைத்தான் எல்லாரும் பார்ப்போம். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளையை யாரும் கேட்பதில்லை. கல்வியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பிள்ளைகள் வாத்தியாரிடம் கற்ற அளவுக்குப் பக்கத்துப் பிள்ளையிடமும் கற்றிருக்கிறார்கள் என்பது விளங்கும். அதற்குக் கையில் ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி ஒரு காலத்தில் மணல்; பிறகு சிலேட்டு; பிறகு தொலைக்காட்சி, கணினி; இன்று கைப்பேசி. கருவி மாறிய கதையை நாம் தெரிந்துகொண்டால், இன்று வீட்டில் இருக்கும் அந்த ஒரே கைப்பேசியை என்ன செய்வது என்பதும் தெளிவாகும்.

திண்ணையில் தொடங்கியது

நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் எழுதியது மணலில்தான். தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' என்று எழுதுவார்கள். பிழையானால் உள்ளங்கையால் தடவிவிட்டால் போதும், பிழை போய்விடும். காசு செலவில்லை, காகிதம் வீணில்லை. விரல் பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும்.

அங்கே வாத்தியார் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர். ஆகவே மூத்த மாணவன் ஒருவன் 'சட்டாம்பிள்ளை' என்ற பெயரில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுவான், எண்சுவடியை முறை சொல்லுவான், மற்றவர் சேர்ந்து சொல்லுவார்கள். பழையது என்பதற்காக எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் திண்ணையில் ஏற எல்லாப் பிள்ளைக்கும் இடம் கொடுக்கப்படவில்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. 'அடியாத மாடு படியாது' என்று பிரம்பும் ஓயாது. ஆனால் மணலும் சட்டாம்பிள்ளையும் சேர்ந்த அந்த முறையில் ஒரு நல்ல விதை இருந்தது.

அந்த விதையை ஓர் அயல்நாட்டார் கண்டார். அவர் அண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வழியில் நம்மவர் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். 'மலபார்ப் பள்ளி' என்று அவர் அதைக் குறித்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் அப்படித்தான் அழைத்தார்கள். தம் பள்ளியிலும் மணலைக் கொண்டுவரச் சொன்னார். ஆனால் அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஒத்துவரவில்லை. பெல் சளைக்கவில்லை. ஜான் பிரிஸ்கின் என்ற 8 வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்!

பிறகு பள்ளி முழுவதையும் அப்படியே மாற்றினார் பெல். வகுப்பில் தெரிந்தவனும் தெரியாதவனும் சோடி சோடியாக உட்கார்ந்தார்கள். ஒருவன் சொல்லிக் கொடுப்பான், ஒருவன் கற்பான். 1796-இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட அவர், 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே இதற்குப் பெயர் நிலைத்தது. 1832-இல் அவர் இறந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அவர் முறையைப் பின்பற்றின. அவர் பிறந்த ஊரான செயின்ட் அண்ட்ரூசில் உள்ள பள்ளிக்கு இன்றும் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. நம் பிள்ளைகள் மணலில் போட்ட கோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

முறை தேய்ந்தது ஏன்?

இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற பள்ளியை 1798-இல் தொடங்கினார். முதலில் கண்டுபிடித்தது யார் என்று இருவர் பக்கத்தாரும் சண்டையிட்டுக்கொண்டார்கள். ஆனால் இருவர் முறையும் நீடித்து நிற்கவில்லை. ஒரே ஆசிரியரை வைத்துப் பல நூறு பிள்ளைகளைச் சிக்கனமாக நடத்தலாம் என்ற ஆசையே பெரிதாகிப் போனது. பத்து வயதுப் பையன் தனக்குத் தெரிந்த நாலு வரியை ஐம்பது பேருக்கு ஒப்பிக்க வைப்பதே பாடம் என்றாயிற்று. லங்காஸ்டர் பிரம்பை ஒதுக்கினார். ஆனால் குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். பழைய முறை ஒதுங்கியது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது. வாத்தியாருக்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்திவிட்டு, வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது நல்லதல்ல.

நம் நாட்டுக்கு வருவோம்

பெல் முறை இங்கிலாந்தில் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1816-ஆம் ஆண்டு, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக அதையே கொண்டு, 2016-இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். பிறகு காப்பியும் கரும்பும் ரப்பரும் வந்தன. நம் மக்கள் வந்தார்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது.

சட்டம் சொன்னது; பள்ளி வந்தது. ஆனால் எப்படிப்பட்ட பள்ளி? ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பல வகுப்புகள் ஒரே கூரையின் கீழ். அங்கே பிள்ளையின் கையில் இருந்தது சிலேட்டும் பலப்பமும். சிலேட்டும் மணலின் தம்பிதான். எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏய், கொம்பு போட மறந்துட்டே" என்று சொல்லலாம். பிழைக்குப் பயமில்லாத கருவிதான் பிள்ளைக்கு ஏற்ற கருவி. இந்த ஒரு வாக்கியத்தைப் பெற்றோர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பட்டணத்துப் பிள்ளை பார்த்ததைத் தோட்டத்துப் பிள்ளையும் பார்க்கலாம் என்ற பெரிய நோக்கம் அது. ஆனால் அப்போது பல தோட்டங்களில் மின்சாரம் இராவில் மட்டும்தான். அதோடு, பெட்டி பேசும், பிள்ளை கேட்கும். பிள்ளை கேள்வி கேட்டால் பெட்டி பதில் சொல்லாது. மணலிலும் சிலேட்டிலும் இருந்த 'தானே செய்து பார்ப்பது' இங்கே குறைந்துவிட்டது. 1983-இல் நாடு முழுவதும் வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், அதாவது கே.பி.எஸ்.ஆர்., அதை மறுபடி கொண்டுவர முயன்றது. பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்தது. குறைநீக்கல் ஒரு பக்கம், வளப்படுத்தல் ஒரு பக்கம் என்று வகுப்பறையே உருமாறியது. அன்று அந்தக் குழுவில் படித்தவர்கள் இன்று இதை வாசிக்கும் பெற்றோரில் பலர்.

1999-இல் 'ஸ்மார்ட்' பள்ளித் திட்டம் சில பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பிள்ளை தானே தேடிக் கற்க வேண்டும், தன் வேகத்தில் கற்க வேண்டும், தானே தன்னை நடத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் கணினியை வாங்கி வைப்பது எளிது, பழக்கத்தை மாற்றுவது கடினம். பின்னர் 2011-இன் இறுதியில் ஒப்பந்தமாகி, நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் இணையமும் கற்றல் தளமும் தந்த திட்டத்திலும் இதையே கண்டோம். அந்தத் தளத்தை மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் பயன்படுத்தியது மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. 2019-இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது.

சுவரில் ஒரு கணினி

அதே 1999-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், புதுடில்லியின் கால்காஜி பகுதியில் சுகதா மித்ரா என்ற அறிஞர் தம் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி ஒரு கணினியைப் பதித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவன் தொட்டான், பத்துப் பேர் சூழ்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து இணையத்தில் உலாவவே கற்றுக்கொண்டார்கள்.

பிறகு அவர் நம் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் வந்தார். தென்னிந்தியாவில் சுனாமியால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பம் என்ற சிற்றூர். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். உயிர்த் தொழில்நுட்பம் என்ற கடினமான பாடத்தை, அதுவும் ஆங்கிலத்தில், கணினியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, பிள்ளைகள் ஒன்றும் புரியவில்லை என்றார்களாம். ஒரு சிறுமி மட்டும், மரபணு சரியாகப் படியாகாவிட்டால் பரம்பரை நோய் வரும், அதைத் தவிர வேறெதுவும் விளங்கவில்லை என்றாளாம்! சோதித்தால் 30 விழுக்காடு மதிப்பெண்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். அந்த ஊரில் கணக்கு வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணை உதவிக்குக் கேட்டார். தனக்கு விஞ்ஞானம் தெரியாதே என்றாள் அவள். தெரிய வேண்டாம், பாட்டிமார் செய்வதுபோல் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, "அடடே, இதை எப்படிச் செய்தே? அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டே இரு என்றார். அவ்வளவுதான். மதிப்பெண் 50 விழுக்காட்டை எட்டியது. டில்லியில் அந்தப் பாடத்துக்கென்றே ஆசிரியர் உள்ள வசதியான பள்ளியின் பிள்ளைகளுக்கு அது சமம். 2010-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

எல்லாம் வெற்றி என்று நினைக்காதீர்கள். சுவர்க் கணினிகள் சில இடங்களில் பழுதாகிக் கிடந்தன என்றும், பெரிய பையன்கள் முந்திக்கொள்ள, பெண் பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள் என்றும் மற்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாவிட்டால் கருவி வலியவன் கைக்குத்தான் போகும்.

இன்று நம் வீட்டில்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடின. அவ்வாண்டு கல்வியமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. எங்கள் தோட்டத்தில் நான் கண்டது: அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கைப்போன் பிள்ளை கைக்கு வரும். லயத்தின் கடைசி வீட்டில் இணையம் கொஞ்சம் எட்டும் என்பதால், நாலு பிள்ளைகள் ஒரு கைப்போனைச் சுற்றி உட்காருவார்கள். ஆறாம் வகுப்புப் பெண் கணக்கை வாசிப்பாள். நாலாம் வகுப்புத் தம்பி பழைய நாட்காட்டியின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பான். பள்ளி திறந்தபோது அந்தப் பிள்ளைகள் நான் பயந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. தனி அறையில் தனிக் கருவியோடு இருந்த சிலர், விளையாட்டுப் படத்தில் நேரத்தைத் தொலைத்திருந்தார்கள்.

"சார், பையன் எந்நேரமும் கைப்போனும் கையுமா இருக்கான், பிடுங்கி வச்சிடவா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேறு சிலர், "டேப்லெட் வாங்கிக் கொடுத்துட்டேன், இனி அவனே படிச்சிக்குவான்" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. பிடுங்கி வைப்பது மணலைக் கூட்டித் தள்ளுவதுபோல. வாங்கிக் கொடுத்துவிட்டு விலகுவதோ, சுவர்க் கணினியை அநாதையாக விட்டதுபோல.

அப்படியானால் என்ன செய்வது? மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, கைப்பேசியை வீட்டு நடுவில் வைத்துப் பிள்ளைகளைச் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அக்காள் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பெண் பிள்ளை கையிலும் சம நேரம் இருக்கட்டும். இரண்டு, பார்த்ததை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிழையானால் ஏசாதீர்கள், அழித்து எழுதட்டும். மூன்று, பக்கத்தில் உட்காருங்கள்.

"நமக்கென்ன தெரியும், நாம வெளிக்காட்டு வேலை செய்றவங்க" என்று சொல்லாதீர்கள், தாய்மார்களே! காளிக்குப்பத்துப் பெண்ணுக்கும் அந்தப் பாடம் தெரியாது. அவள் செய்ததெல்லாம் கேட்டது, வியந்தது, மறுபடி கேட்டது. அதைச் செய்யச் சான்றிதழ் தேவையில்லை. நெற்றி வியர்வை காய்ந்த பின் பத்து நிமிடம் போதும்.

ஆசிரியர்கள் எங்கள் கடமையிலிருந்து விலக மாட்டோம். லங்காஸ்டர் பள்ளியின் கதை எங்களுக்கும் எச்சரிக்கைதான். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் குறைந்த சிறு பள்ளி என்று நம்மைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் இருக்கும் வகுப்பில்தான் ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாள் சட்டாம்பிள்ளையாக முடியும். நம் குறை என்று நினைப்பதே நம் பலமாகலாம்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும்போது, உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த தோழனை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நாளை நீங்கள் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கடனை அப்படித்தான் தீர்க்க வேண்டும்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!