சிமுலேட்டர் பந்தயக் கையுறைகள்

சிமுலேட்டர் பந்தயக் கையுறை என்பது, கணினியுடனோ விளையாட்டுக் கருவியுடனோ இணைத்த ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பந்தயம் ஓட்டுபவர்கள் அணியும் மெல்லிய கையுறையாகும். பார்வைக்கு இது உண்மையான பந்தயக் காரோட்டியின் கையுறையைப் போலவே இருக்கும். அதே வண்ணங்கள், அதே மணிக்கட்டுப் பட்டை, சில வேளைகளில் அதே நிறுவனத்தின் பெயரும்கூட. எனினும் இரண்டின் வேலையும் வேறு. காரோட்டியின் கையுறை தீயைத் தாங்கச் செய்யப்பட்டது. சிமுலேட்டர் கையுறை வியர்வையைத் தாங்கச் செய்யப்பட்டது. இரண்டும் பிரிந்த வரலாற்றை அறியாமல் வாங்குபவர்களில் சிலர் தேவையற்ற பாதுகாப்புக்குப் பணம் கொடுக்கிறார்கள். வேறு சிலர் இல்லாத பாதுகாப்பு இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். பின்னது ஆபத்தானது.

குளிரும் மரச் சக்கரமும்

முதல் கார்களைத் திருப்புவதற்குச் சக்கரம் இல்லை. படகின் சுக்கானைப் போன்ற ஒரு கோல்தான் இருந்தது. 1894ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தமது பனார் காரில் வட்டமான ஸ்டீயரிங் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். அதன் பின் சில ஆண்டுகளில் கோல் மறைந்து சக்கரம் பொதுவாயிற்று. கூரையும் கண்ணாடியும் இல்லாத அந்தக் கார்களில் குளிர்காற்று, புழுதி, தெறிக்கும் கல், எண்ணெய் எல்லாம் நேரே கையில் வந்து விழுந்தன. எனவே முழங்கையின் பாதிவரை ஏறும் தடித்த தோல் கையுறைகளை ஓட்டுநர்கள் அணிந்தார்கள். பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் டோரதி லெவிட் 1909இல் வெளியிட்ட ‘தி வுமன் அண்ட் த கார்’ என்ற நூலில், பெண்கள் காரின் சிறு இழுப்பறையில் மாற்றுக் கையுறை ஒரு சோடி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை கூறுகிறார். இன்றும் காரின் முன்பக்கத்துச் சிறு பெட்டியை ஆங்கிலத்தில் கையுறைப் பெட்டி என்றே அழைக்கிறார்கள். அதில் இப்போது கையுறையைத் தவிர மற்ற எல்லாமும் இருக்கும்.

கார்களுக்குக் கூரை வந்தபின் குளிர் ஒரு காரணமாக இருக்கவில்லை, பிடிமானம் முக்கியமாயிற்று. மெருகேற்றிய மரச் சக்கரம் வியர்த்த கையில் வழுக்கும். உள்ளங்கைக்கு மெல்லிய தோலும் புறங்கைக்குப் பருத்தி நூற்பின்னலும் கொண்ட கையுறை இதற்காகவே உருவானது. தோல் சக்கரத்தைப் பிடிக்கும், பின்னல் காற்றை உள்ளே விடும். இன்றைய சிமுலேட்டர் கையுறையின் அடிப்படை அமைப்பும் இதுதான் என்பது கவனிக்கத் தக்கது. நடுவில் தீ வந்ததால் பந்தயக் கையுறை வேறு வழியில் சென்றது.

பந்தய ஓட்டுநர்களுக்குக் கொப்புளமும் பெரிய தொல்லையாக இருந்தது. துணைவிசை இல்லாத ஸ்டீயரிங்கை மணிக்கணக்கில் திருப்ப வேண்டும். மொனாக்கோ போன்ற நெருக்கமான தெருச்சுற்றில் ஒரு கையால் ஆயிரக்கணக்கான முறை கியர் மாற்ற வேண்டும். கியர்க் குமிழ் உள்ளங்கையில் உரசும் இடத்தில் தோல் உரிந்து இரத்தம் கசிவதும், ஓட்டுநர்கள் கையுறைக்குள் ஒட்டுப்பட்டை சுற்றிக்கொள்வதும் வழக்கமாயிருந்தது. ஃபெராரி 640 என்ற கார் 1989இல் ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள துடுப்பு விசைகளால் கியர் மாற்றும் முறையை ஃபார்முலா 1 பந்தயங்களுக்குக் கொண்டுவந்தபின் இந்தத் தொல்லை குறைந்தது. அந்தக் கார் தன் முதல் பந்தயத்தையே பிரேசிலில் வென்றது. கியரில் தப்பிய நைஜல் மான்செல்லின் கையை அன்று வெற்றிக் கோப்பையின் விளிம்பு கிழித்துவிட்டது என்பது பந்தய ரசிகர்கள் இன்றும் சொல்லும் கதை.

தீ

1964ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பந்தய உலகுக்குக் கொடியதாக அமைந்தது. மே 24 அன்று சார்லட் நகரில் நடந்த பந்தயத்தில் ஃபயர்பால் ராபர்ட்ஸ் தீயில் சிக்கினார். காயங்களிலிருந்து மீளாமல் ஜூலை 2 அன்று இறந்தார். மே 30 அன்று இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் பெட்ரோல் தீப்பற்றி எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்ட் இருவரும் உயிரிழந்தார்கள். அக்காலத்தில் தீத்தடுப்பு உடை என்பது வெண்காரம் கலந்த கரைசலில் தோய்த்துக் காயவைத்த பருத்தி உடையே. துவைத்தால் மருந்து போய்விடும். சிலருக்கு அந்த வேதிப்பொருள் ஒவ்வாது. ராபர்ட்ஸ் அதைத் தவிர்த்ததற்கு அவருடைய ஆஸ்துமாவே காரணம் என்று சொல்லப்படுகிறது.

தீர்வு டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நோமெக்ஸ் என்ற அந்த இழை 1960களில் சந்தைக்கு வந்தது. சுடர் பட்டால் அது உருகுவதில்லை; கருகித் தடிக்கிறது. அந்தத் தடித்த கரிப்படலம் வெப்பத்துக்கும் தோலுக்கும் நடுவே தடையாக நிற்கிறது. மருந்தில் தோய்த்த துணியைப் போலன்றி இழையின் இயல்பே தீத்தடுப்பாக இருப்பதால் துவைப்பதால் அந்தக் குணம் போவதில்லை. பந்தய உடை தயாரிப்பாளரான பில் சிம்ப்சன் இந்த இழையை விண்வெளி வீரர் பீட் கான்ராட் மூலம் அறிந்தார். பின்னொரு நாள் தாமே அந்த உடையை அணிந்து தீ வைத்துக்கொண்டு அதன் தரத்தை மெய்ப்பித்துக் காட்டினார். 1960களின் பிற்பகுதியிலிருந்து உடையோடு கையுறையும் நோமெக்ஸுக்கு மாறியது. உள்ளங்கையில் மட்டும் சக்கரத்தின் அசைவை உணர்வதற்காக மெல்லிய சூயிட் தோலை விட்டுவைத்தார்கள்.

இன்று பன்னாட்டுப் பந்தயங்களில் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் 8856-2000 அல்லது புதிய 8856-2018 தர எண் கொண்ட கையுறைகள் கேட்கப்படுகின்றன. அமெரிக்கப் பந்தயங்களில் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 3.3 தரம் வழக்கில் உள்ளது. இத்தரங்கள் கையுறை எரியாது என்று உறுதி கூறுவதில்லை. ஓட்டுநர் வெளியே வருவதற்குச் சில வினாடிகளைப் பெற்றுத் தருவதே அவற்றின் நோக்கம். சில வினாடிகள் என்பது எவ்வளவு என்பதை 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் உலகமே பார்த்தது. ரொமேன் குரோஜானின் கார் முதல் சுற்றிலேயே தடுப்புவேலியில் மோதி இரண்டாக உடைந்து தீப்பிழம்பானது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் தீயினுள் இருந்தபின் அவர் தாமாக வெளியே வந்தார். உடல் தப்பியது; தீக்காயம் பட்டது இரு புறங்கைகளில்தான். தீயின் நடுவே எதையாவது பற்றி ஏறி வெளியேறுபவர் முதலில் நீட்டுவது கையை. கையுறை ஏன் இத்தனை விதிகளுக்கு உட்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2018இல் ஃபார்முலா 1 கையுறைகளுக்குள் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் உணரி தைக்கப்பட்டது. ஓட்டுநரின் நாடித்துடிப்பையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் அது மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்கும். உடைந்த காருக்குள் சிக்கியவரை நெருங்க முடியாதபோதும் அவர் நிலை தெரியவேண்டும் என்பதே இதன் பயன். குரோஜானைத் தீயின் அருகே சென்று தாங்கிய மருத்துவர் இயன் ராபர்ட்ஸும் மருத்துவக் காரின் ஓட்டுநர் ஆலன் வான் டெர் மெர்வும் இந்த உணரியின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர்கள்.

திரைக்கு முன்னால்

அட்டாரி நிறுவனத்தின் ‘கிரான் டிராக் 10’ 1974இல் ஸ்டீயரிங், கியர், மிதிகள் ஆகியவற்றோடு விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. அதன் சக்கரம் தடையின்றிச் சுழன்றது. 1989இல் வந்த ‘ஹார்ட் டிரைவிங்’ தான் மோட்டாரின் உதவியால் சக்கரத்தைக் கையோடு மல்லுக்கட்ட வைத்தது. வீட்டுக்கு வந்த எதிர்விசைச் சக்கரங்கள் நெடுங்காலம் மென்மையாகவே இருந்தன. லாஜிடெக் ஜி29 போன்ற, பற்சக்கரங்களால் இயங்கும் கருவியின் முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் இது ஒன்றரைக் கிலோ எடையைவிடக் குறைவான இழுவை. இதற்குக் கையுறை வேண்டியதில்லை.

மோட்டாரின் அச்சிலேயே சக்கரத்தைப் பொருத்தும் நேரடி இயக்கக் கருவிகள் பரவியபோதுதான் நிலை மாறியது. ஃபனாடெக் நிறுவனத்தின் போடியம் டிடி1 கருவி 20 நியூட்டன் மீட்டர் வரை தரும். சிமுக்யூப் 2 ப்ரோ 25 வரை தரும். அதே 30 செ.மீ. சக்கரத்தில் 20 நியூட்டன் மீட்டர் என்பது விளிம்பில் 13 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை. ஒவ்வொரு வளைவிலும் கை இதைத் தாங்க வேண்டும். மர விளிம்புக் காலத்து வழுக்கலும் கொப்புளமும் இப்படி வீட்டு அறைக்குள் திரும்பி வந்தன.

சக்கரத்தின் மேலுறையும் இதில் சேர்ந்தது. உயர்விலைச் சக்கரங்களில் பெரும்பாலும் அல்காந்தரா போர்த்தியிருப்பார்கள். பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த இந்தச் செயற்கைச் சூயிட்டின் வேர் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970இல் செய்த கண்டுபிடிப்பு. புதிதாக இருக்கும்போது அதன் நுண்பஞ்சு கையை நன்றாகப் பிடிக்கும். வெறுங்கையின் எண்ணெயும் வியர்வையும் ஏறினால் பஞ்சு படிந்து, பளபளத்து, வழுக்கத் தொடங்கும். கையைக் காப்பதற்கு முன் சக்கரத்தைக் காப்பதற்கே பலர் கையுறை வாங்கினார்கள் என்று சொல்வது மிகையாகாது.

2020இல் நோய்த்தொற்றால் பந்தயங்கள் நின்றபோது உண்மை ஓட்டுநர்கள் பலர் திரைக்கு முன் வந்தார்கள். அவ்வாண்டு ஜூன் 13, 14 தேதிகளில் நடந்த மெய்நிகர் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 50 கார்கள், 200 ஓட்டுநர்கள். பெர்னாண்டோ அலோன்சோவும் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் அதில் ஓட்டினார்கள். பஹ்ரைன் விபத்துக்கு முன்பே குரோஜானும் ஆர்8ஜி என்ற சிமுலேட்டர் பந்தய அணியைத் தொடங்கியிருந்தார். ஸ்பார்கோ போன்ற பந்தய உடை நிறுவனங்கள் சிமுலேட்டருக்கென்றே தனிக் கையுறைகளை விற்கின்றன. அவற்றில் நோமெக்ஸ் இல்லை. நைலான், பாலியெஸ்டர் போன்ற நெகிழும் துணிமேல், உள்ளங்கையில் சிலிக்கோன் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும்.

தேர்வு

இந்த வரலாற்றிலிருந்து தேர்வுக்கான முதல் விதி தானே வருகிறது. சிமுலேட்டர் கையுறையை உண்மையான பந்தயக் காரில் அணியக் கூடாது. நைலானும் பாலியெஸ்டரும் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். அப்போது வெறுங்கையின் காயத்தைவிட அந்தக் காயம் மோசமாகலாம். தர எண் குறிக்கப்படாத கையுறை எவ்வளவு விலையானாலும் தீத்தடுப்புக் கையுறை ஆகாது. மறுபக்கம், தீத்தடுப்புக் கையுறையைச் சிமுலேட்டரில் அணிவதால் கேடில்லை. ஆனால் பல அடுக்குத் துணிக்குள் கை வேகும், விசைகள் விரலுக்குத் தெரியாது, விலையும் அதிகம். கோ-கார்ட் கையுறைகள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. உராய்வுக்கென்று செய்யப்பட்டவை ஆதலால் உழைக்கும், சற்றுத் தடிமனானவை.

பொருத்தமே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் கணுக்களைச் சுற்றி அளவுநாடாவால் அளந்து, அந்நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு இன்னொன்றில் சிறியதாக இருக்கும். விரல் நுனியில் துணி மீந்தால் துடுப்பு விசையில் சிக்கும், பக்கத்துப் பொத்தானை அழுத்தும். கையை விரித்தால் இறுக்கமாகவும் சக்கரத்தைப் பிடிக்கும் நிலையில் மடித்தால் உள்ளங்கையில் சுருக்கம் விழாமலும் இருப்பதே சரியான அளவு. சுருக்கம் விழும் இடத்தில்தான் கொப்புளம் வரும். அதே காரணத்துக்காக விரல்களின் தையல் வெளிப்பக்கம் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பார்வைக்கு முரடாகத் தெரிந்தாலும் உள்ளே விரல் உரசாது.

உள்ளங்கை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சக்கரத்தின் உறைதான் முடிவு செய்கிறது. தோல் உறைக்கும் ரப்பர் உறைக்கும் சிலிக்கோன் அச்சு நன்கு பொருந்தும். அல்காந்தராவில் தடித்த சிலிக்கோன் பஞ்சை விரைவில் தேய்த்துவிடக்கூடும். அங்கே சூயிட் அல்லது மிக மெல்லிய அச்சு போதும். 5 நியூட்டன் மீட்டருக்குக் குறைந்த கருவியும் ரப்பர் உறையும் வைத்திருப்பவர் கையுறைக்குச் செலவிடும் பணத்தை மிதிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். உலகின் முன்னணிச் சிமுலேட்டர் ஓட்டுநர்களில் வெறுங்கையால் ஓட்டுபவர்கள் பலர் உண்டு.

வாங்கியபின் துவைப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எண்ணெய் படிந்த சிலிக்கோன் வழுக்கும். பலர் அதைத் தேய்ந்துபோனதாக எண்ணி எறிந்துவிடுகிறார்கள். குளிர்ந்த நீரில் மிதமான சோப்பால் கையால் அலசி நிழலில் உலர்த்தினால் பிடிமானம் பெரும்பாலும் திரும்பிவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் கூடாது, அது சிலிக்கோன்மேல் வழுக்குப் படலம் விடும். பல மணி நேரப் பந்தயங்களில் ஓட்டுபவர்கள் இரண்டு சோடி வைத்துக்கொண்டு, ஓட்டுநர் மாறும் இடைவேளையில் நனைந்ததைக் கழற்றிக் காயவிடுகிறார்கள்.