பாணும் வயலும்

நிலாவெளியிற் பொழுது புலரும் வேளையில், பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசையொலி கேட்டதும் சிறுவர் படலைக்கு ஓடிவருவர். சூடு ஆறாத பாணும் இடித்த சம்பலும் இன்று இப்பகுதி உழைக்கும் மக்களின் காலை உணவாகிவிட்டன. ஒருநாள் வகுப்பிலே, "நீங்கள் காலையில் உண்ட பாண் எந்த வயலில் விளைந்தது?" என்று வினவினேன். கடற்றொழிலாளரின் பிள்ளைகளும் வெங்காயச் செய்கையாளரின் பிள்ளைகளும் நிறைந்த வகுப்பு அது. வெங்காயம் நடும் காலத்தையும் வலை வீசும் காலத்தையும் நன்கறிந்த மாணவர் மௌனமாயினர். ஒரு மாணவி மட்டும், "பேக்கரியில், சேர்" என்றாள். வகுப்பிற் சிரிப்பெழுந்தது. ஆயினும் அவ்விடை நகைப்புக்குரியதன்று. நமது நாட்டின் வரலாறே அதிற் பொதிந்துள்ளது.

ஐரோப்பியக் குடியானவனுக்குப் பாண் தன் வயலின் விளைபொருள். ஆயினும் நிலப்பிரபுத்துவ காலத்திலே கோதுமையை அவன் விளைவித்தான். மாவரைக்கும் ஆலையும் பாண் சுடும் போறணையும் பல இடங்களிற் பிரபுவுக்கே உரியனவாயிருந்தன. அவற்றைப் பயன்படுத்த அவன் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1789 ஒக்டோபரிற் பாரிஸ் நகரப் பெண்கள் பாண் கேட்டே வேர்சாய் அரண்மனையை நோக்கி நடந்தனர். 1917இல் பெத்ரோகிராட் நகரிலே ஆலைத் தொழிலாளப் பெண்கள் பாண் கேட்டு வீதியில் இறங்கியமையே ஜார் ஆட்சியின் வீழ்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. எனவே பாணின் வரலாறு சுவையின் வரலாறு மட்டுமன்று. அஃது உடைமையின் வரலாறுமாகும்.

நமது நிலைமை இதற்கு மறுதலையானது. போறணை நம்மூரிலுள்ளது, வயலோ கடலுக்கப்பால் உள்ளது. 'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. கதிரை, யன்னல், அலுமாரி என்பனவும் அவ்வழி வந்தவையே. அந்நியரின் சொல்லை ஏற்ற மக்கள் தம் கைத்திறனையும் அதனோடு சேர்த்தனர். கள்ளையிட்டு மாவைப் புளிக்கவைத்த முறை அதற்குச் சான்று. ஆனால் நெடுங்காலம் பாண் நகரத்தாரின் உணவாகவே இருந்தது; நாட்டுப்புற மக்கள் சோற்றையும் குரக்கனையும் சாமையையும் உண்டனர்.

1942இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் இந்நிலை மாறிற்று. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த இலங்கையிற் பங்கீடு வந்தது; கூப்பன் அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. 1953இல் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மறு ஆண்டிலே அமெரிக்கா தன் மிகையுற்பத்தித் தானியத்தைப் பிற நாடுகளுக்கு வழங்கும் சட்டத்தை இயற்றியது. பி.எல். 480 எனப்பட்ட அச்சட்டத்தின்கீழ் நமக்கும் கோதுமை வந்தது. பசித்தவனுக்கு அது உணவு. கொடுத்தவனுக்கோ சந்தையும் செல்வாக்கும்.

எழுபதுகளின் அனுபவத்தை நாம் மறைத்தலாகாது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது, இடதுசாரிகளும் பங்குகொண்ட அரசின் காலத்திலே, மக்கள் விடியுமுன்னரே பாணுக்கு வரிசையில் நின்றனர். அதே இறக்குமதிக் கட்டுப்பாடுதான் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த உழவனுக்கு நல்ல விலையைக் கொடுத்தது. ஒருவனது பசியும் இன்னொருவனது வாழ்வும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தன. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் திட்டம் வகுக்கப்படாமையாலேயே, 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டபோது பலர் அதனை வரவேற்றனர். உள்ளூர்ச் செய்கையாளன் தனித்துவிடப்பட்டான். அவ்வாண்டிலேயே சிங்கப்பூரின் பிறீமா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்திலே, சீனன்குடாவில், பெரும் மா ஆலை எழுந்தது. ஏகாதிபத்தியங்கள் போர்க்கப்பலுக்காகப் போட்டியிட்ட துறைமுகத்திலே இப்போது கோதுமைக் கப்பல்கள் நங்கூரமிடுகின்றன.

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட நெல் விளைச்சல் வீழ்ந்தது. மறு ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியது. உக்ரேனிற் போர் மூண்டு உலகக் கோதுமை விலை உயர்ந்தது. வயலும் கைவிட்டது, கப்பலும் கைவிட்டது. ஓர் இறாத்தற் பாண் வாங்கியவர் அரை இறாத்தலோடு திரும்பினர். காலை உணவின்றி வந்த பிள்ளைகள் வகுப்பில் மேசைமீது தலைசாய்த்துக் கிடந்ததை ஆசிரியர் பலரும் கண்டோம். கருங்கடற் கரையில் வெடித்த குண்டின் ஓசை நிலாவெளியின் அடுப்படியிற் கேட்டது.

ஆகவே பாணை வெறுத்தொதுக்குங்கள் என்று கூறுவது என் கருத்தன்று. இராப்பொழுதெல்லாம் போறணையின் வெம்மையில் நின்று மாப் பிசையும் தொழிலாளியும், விடியலில் அதனைச் சுமந்துவரும் வியாபாரியும் நம்மவரே. விறகு சேகரிக்கவும் மா இடிக்கவும் நேரமற்ற கூலிப்பெண்ணுக்குப் பாண் ஓய்வளித்த உணவு. பழைய குரக்கன் களியைப் போற்றிப் பாடுவோர், அதனை ஆக்கிய பெண்ணின் உழைப்பைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. நாம் வேண்டுவது பழமைக்குத் திரும்புதலன்று. நம் நெல்லுக்கும் குரக்கனுக்கும் நியாயவிலை, அவற்றை மாவாக்கும் கூட்டுறவு ஆலைகள், அம்மாவும் கலந்து சுடப்படும் பாண் ஆகியனவே நாம் வேண்டுவன.

அடுத்த தலைமுறை மாணவி ஒருத்தியிடம் அதே வினாவைக் கேட்கும்போது, "எங்கள் வயலிலும் ஒரு பங்கு, சேர்" என்று அவள் விடைபகரும் நாள் வரவேண்டும். அந்நாளிலேயே நம்மூர்ப் பாண் உண்மையில் நம்மூர்ப் பாண் ஆகும்.